கொல்லையில் ஒரு பொய்கை

நீர்வாழ் தாவரங்களைப் பற்றித் தேர்வில் எழுதும்போது, ‘இவை குளம், குட்டை, ஊருணி ஆகியவற்றில் மிகுதியாகக் காணப்படும்’ என்று ஒரே வரியில் எழுதி மதிப்பெண் பெற்றுவிடுகிறோம். ஆனால் அந்த வரி இன்று எவ்வளவு உண்மை என்பது செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் தெரிந்துவிடும். ஹைட்ரில்லாக் கொத்தைப் புனலுக்கடியில் வைத்து ஒளிச்சேர்க்கைக் குமிழிகளை எண்ண வேண்டும். தாமரைக் காம்பைக் குறுக்கே சீவி, காற்றறைகளை நுண்ணோக்கியில் காட்ட வேண்டும். நம் கல்லூரிக்குப் பின்புறக் குட்டையிலிருந்தே இவற்றை அள்ளி வந்த காலம் ஒன்று உண்டு என மூத்த விரிவுரையாளர்கள் கூறுகின்றனர். இப்போது அக்குட்டையின் ஒரு பாதி மண்மேடு. மறுபாதியை வெங்காயத்தாமரை மூடிக்கிடக்கிறது. மாதிரிகளுக்காக நாம் பேருந்தில் போய் வருகிறோம். இந்நிலையில்தான், எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பொய்கையை நாமே வெட்டி, நம் நாட்டு நீர்ச்செடிகளை அதில் வளர்த்தால் என்ன என்னும் எண்ணம் எனக்குத் தோன்றியது. 2022 ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெட்டத் தொடங்கினோம். அதன் வழியே நான் கற்றவற்றையும் கணக்கிட்டவற்றையும் நண்பர்களுக்குப் பயன்படும் வகையில் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

முதலில் ஒன்றைக் கூறிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இதற்கு இசைவு எளிதாகக் கிடைக்கவில்லை. எங்கள் பகுதி சரளை கலந்த செம்மண் பூமி. கோடையில் கிணற்றில் வாளி தரை தட்டும். அப்பா ஒரே நிபந்தனைதான் விதித்தார்: “குளம் வெட்டிக்கோ, வேண்டாங்கல. ஆனா கெணத்துல இருந்து ஒரு வாளித் தண்ணி அதுக்குப் போகக் கூடாது. மே மாசம் வத்திச்சுன்னா மறுநாளே மண்ணைப் போட்டு மூடிடுவேன்.” நியாயமான சொல். ஆகவே, என் பொய்கையின் வடிவம், ஆழம், உட்பூச்சு ஆகிய அனைத்தையும் அழகு தீர்மானிக்கவில்லை. மே மாதமே தீர்மானித்தது.

மே மாதக் கணக்கு

நம் மாநிலத்தின் உள்மாவட்டங்களில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து கோடையில் நாளொன்றுக்கு 6 முதல் 8 மில்லிமீட்டர் வரை நீர் ஆவியாகப் போகும். கேட்பதற்கு இது அற்பமாகத் தோன்றும். என் பொய்கையின் மேற்பரப்பு 30 அடி நீளம், 20 அடி அகலம். அதாவது 600 சதுர அடி, ஏறத்தாழ 56 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு லிட்டர். எனவே நாள்தோறும் குறைந்தது 336 லிட்டர் நீரை வெயில் குடித்துவிடும். இதைக் கிணற்றிலிருந்து ஈடுசெய்வது என்றால் ஒரு குடும்பத்தின் அன்றாட நீரைப் பொய்கைக்குத் தாரைவார்ப்பதாகும். அதற்கு அப்பா இசையார், நானும் இசையேன்.

அப்படியானால் ஈடுசெய்யாமலே விட்டுவிட்டால் என்ன? ஊருணிகளுக்கும் கண்மாய்களுக்கும் யாரும் வாளி கொண்டு நீர் ஊற்றுவதில்லையே. அவை தையில் நிறைந்திருந்து, ஆனியில் ஒடுங்கி, ஐப்பசியில் மீண்டும் நிறைகின்றன. நம் நீர்ச்செடிகளின் வாழ்க்கை முறையும் அதற்கேற்பவே அமைந்துள்ளது. ஜனவரி நடுவிலிருந்து ஜூன் நடுவரை 150 நாள். நாளுக்குச் சராசரி 6 மில்லிமீட்டர் என்றால் 900 மில்லிமீட்டர், அதாவது மூன்று அடி. ஒரு துளி மழைகூடப் பெய்யாவிட்டாலும், நடுவில் நான்கு அடி ஆழம் இருந்தால் இறுதியில் ஓரடி நீர் நிற்கும். இந்த ஓரடியில் மீனும் கிழங்கும் உயிரோடிருக்கலாம். இந்த நடுப்பள்ளத்துக்குக் ‘கோடைக்குழி’ என்று நானாகவே பெயர் வைத்துக்கொண்டேன். இரண்டடி ஆழத்தில் தட்டையாக வெட்டி, பின்னர் குழாயைத் திறந்துவிட்டுக் காக்கும் அலங்காரக் குளங்கள் நம் ஊருக்கு ஏற்றவை அல்ல என்பது என் துணிபு.

இனி வரவுக் கணக்கைக் காண்போம். எங்கள் வீட்டு மாடித் தளம் 800 சதுர அடி. ஓர் அங்குல மழையில் பத்தில் ஒரு பங்கு வீணானாலும் தளத்திலிருந்து 60 கன அடி நீர் வரும். பொய்கையின் மேலேயே நேராக விழுவது 50 கன அடி. ஆக, அங்குலத்துக்கு 110 கன அடி. பொய்கையின் கொள்ளளவு ஏறத்தாழ 1,500 கன அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர் ஆதலால் 42,000 லிட்டருக்குச் சற்று மேல். இதை நிரப்ப ஏறத்தாழ 14 அங்குல மழை வேண்டும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையின் சராசரி 44 சென்டிமீட்டர் அளவில், அதாவது 17 அங்குலத்தை ஒட்டி உள்ளது. ஆகவே, மழை பொய்க்காத ஆண்டில் கிணற்றை நாடாமலே பொய்கை நிறையும். 2003 ஆம் ஆண்டு மழைநீர் சேகரிப்பு நம் மாநிலத்தில் கட்டாயமாக்கப்பட்டபோது பொருத்திய குழாய் எங்கள் வீட்டில் இருந்தது. அதைச் சற்றே நீட்டிப் பொய்கைக்குத் திருப்பினோம். மிகுதி நீர் வழிய ஓரிடத்தில் கரையை இரண்டு அங்குலம் தாழ்த்தி, கண்மாய்க்குக் கலிங்கு இருப்பது போல ஒரு சிறு கலிங்கு அமைத்தோம். அதன் வழியே வழியும் நீர் கிணற்றருகே உள்ள உறிஞ்சு குழிக்குப் போகிறது. கிணற்றிலிருந்து எடுக்காததோடு கிணற்றுக்குக் கொடுக்கவும் செய்கிறது என்று அறிந்தபின் அப்பாவின் குரலில் கொஞ்சம் இளக்கம் தெரிந்தது.

இடமும் வெட்டும்

தாமரைக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். வேம்பு, புளி ஆகியவற்றின் கீழ் பொய்கை அமைத்தால் உதிரும் இலைகள் அழுகி, நீரிலுள்ள உயிர்க்காற்றைக் குறைத்துவிடும். தென்னையின் வேர் உட்பூச்சைத் துளைக்கும். ஆகவே, மரங்களிலிருந்து விலகிய திறந்தவெளியைத் தேர்ந்துகொண்டேன். இதைப் பற்றி மேலும் கூற ஒன்றுமில்லை.

வெட்டும் முறையில் அப்பத்தாவின் யோசனை பெரிதும் உதவியது. “ஊருணிக்கு எறங்குற படி மாதிரி வெட்டு ராசா, சரிவா வெட்டுனா மண்ணு சரிஞ்சு போகும்” என்றார்கள். நூல்களில் ‘அடுக்குத் தட்டு’ முறை என்று கூறப்படுவதும் இதுவே. கரையோரம் இரண்டடி அகலத்துக்கு ஓரடி ஆழத்தில் முதல் தட்டு. அதற்குள் மூன்றடி அகலத்துக்கு இரண்டரை அடி ஆழத்தில் இரண்டாம் தட்டு. நடுவில் 20 அடிக்கு 10 அடி அளவில் நான்கடி ஆழக் கோடைக்குழி. பின்னர் உள்ளே மண் பரப்ப வேண்டியிருந்ததால் எல்லா இடத்திலும் அரையடி கூடுதலாகவே வெட்டினோம். வெளிவந்த மண் ஏறத்தாழ 18 யூனிட். யூனிட் என்பது 100 கன அடி. வெட்டிய மண் பொலபொலத்து நான்கில் ஒரு பங்கு பெருகும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இல்லையேல் கொட்ட இடமின்றித் திகைக்க நேரிடும். நானும் தம்பியும் கூலிக்கு வந்த இருவருமாகப் பன்னிரண்டு நாளில் கடப்பாரை, மண்வெட்டி, இரும்புச் சட்டி ஆகியவற்றைக் கொண்டே முடித்தோம்.

வெட்டில் மிக முக்கியமானது கரையின் மட்டம். நீர் தன் மட்டத்தைத் தானே காட்டிக் கொடுத்துவிடும். ஒரு பக்கம் மூன்று அங்குலம் தாழ்ந்திருந்தால் பொய்கை முழுவதும் மூன்று அங்குலம் குறைந்தே நிற்கும். முப்பதடி நீளத்துக்கு ரசமட்டம் போதாது. கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் மட்டமே சிறந்தது. ஒளி ஊடுருவும் குழாயில் நீர் நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்து, இரு முனைகளையும் இரு முளைகளில் பிடித்தால் நீர் நிற்கும் உயரம் இரண்டிலும் ஒன்றாக இருக்கும். இயற்பியல் வகுப்பில் ‘நீர் தன் மட்டத்தை அடையும்’ என்று படித்தது இங்கே கைக்கு வந்தது.

களிமண்ணா, விரிப்பா?

நீர் கசியாமல் காக்க மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, களிமண்ணை மிதித்துக் குழைத்து அறைவது; நம் முன்னோர் முறை. இரண்டு, செங்கலும் சிமெண்டும். மூன்று, பண்ணைக் குட்டைகளுக்கு உழவர்கள் இப்போது இடும் சில்பாலின் விரிப்பு.

என் உள்ளம் களிமண்ணையே நாடியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் கோடைக்கணக்கு குறுக்கே நின்றது. களிமண் ஈரமாக இருக்கும்வரைதான் நீரைத் தடுக்கும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கண்மாயின் அடியில் பல அடிக் கனத்துக்கு வண்டல் படிந்திருப்பதால் வெடிப்பு மேலோடு நின்றுவிடும். சரளை மண்ணின்மேல் நாம் அறையும் அரையடிப் பூச்சில் வெடிப்பு அடிவரை போய்விடும். என் பொய்கையிலோ ஆண்டுதோறும் கோடையில் இரு தட்டுகளும் வெயில் காய வேண்டும் என்பதே திட்டம். எனவே விரிப்பையே தேர்ந்தேன். நீர் மட்டம் மாறாமல் காக்கப்படும் இடங்களிலும், இயல்பாகவே களி நிலம் உள்ள காவிரிப் படுகை போன்ற பகுதிகளிலும் களிமண்ணே போதும்.

விரிப்பின் அளவைக் காண எளிய வழி உண்டு. நீளத்தோடு ஆழத்தின் இருமடங்கையும், கரையில் மடித்துப் புதைக்க இருபுறமும் இரண்டிரண்டு அடியையும் கூட்ட வேண்டும். வெட்டிய ஆழம் நாலரை அடி ஆதலால், நீளம் 30+9+4=43 அடி; அகலம் 20+9+4=33 அடி. படிகள் எத்தனை இருந்தாலும் இக்கணக்கு மாறாது. ஏனெனில் கிடைத்தளங்களைக் கூட்டினால் நீளமும், செங்குத்துத் தளங்களைக் கூட்டினால் ஆழமுமே கிடைக்கும். கணிதத்துறை நண்பர் ஒருவர் இதைக் கேட்டு, “இதற்குத் தேற்றம் எழுதலாமே” என்று கேலி செய்தார். 500 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர் கனமுள்ள விரிப்பை ஒரே துண்டாகவே வாங்கினோம். இட்ட செலவில் பெரும்பங்கு இதற்கே. விரிக்குமுன் கூரிய கற்களைப் பொறுக்கி, இரண்டங்குல மணல் பரப்பி, மேலே பழைய சாக்குகளை இட்டோம். விரித்தபின் தட்டுகளின்மேல் சலித்த மண்ணை அரையடி பரப்பி, செங்குத்துப் பக்கங்களில் கற்களை அடுக்கி முற்றிலும் மறைத்தோம். வெயில் நேராகப் பட்டால் விரிப்பு நொறுங்கிப்போகும். நீர் வற்றும் பகுதிக்கு இந்த மறைப்பு மிக மிக இன்றியமையாதது.

சிமெண்டுத் தொட்டி கட்டுவோர்க்கு ஒரு குறிப்பு. புதுச் சிமெண்டின் சுண்ணாம்பு நீரைக் காரமாக்கி மீனைக் கொன்றுவிடும். நீர் நிரப்பி, நறுக்கிய வாழைத்தண்டைப் போட்டுச் சில நாள் ஊறவிட்டு வடித்து, மீண்டும் மீண்டும் அவ்வாறு செய்வது நம் பக்கத்து வழக்கம்.

பாதுகாப்பு

நான்கடி நீர் பெரியவர்களுக்கு விளையாட்டு, குழந்தைக்கு மரணம். தவழும் வயதுக் குழந்தைக்கு ஓர் அடி நீரே போதும். குழந்தை நீரில் விழுந்தால் கத்தாது, சத்தமின்றி மூழ்கிவிடும். திரைப்படங்களில் காட்டுவது போலக் கைகளை வீசிக் கூப்பிடும் என்று எண்ணுவது பேதைமை. அக்காளின் இரண்டு வயது மகன் அடிக்கடி எங்கள் வீட்டில் இருப்பான். ஆகவே, விரிப்பு வாங்குவதற்கு முன்பே, குழி வெறுங்குழியாக இருந்தபோதே, நான்கடி உயரத்தில் கம்பி வலை வேலியும், தானாக மூடும் படலும், குழந்தை எட்டாத உயரத்தில் கொக்கியும் அமைத்தோம். ஏனெனில், வெட்டிய குழியில் ஓர் இரவு மழைக்கே நீர் நின்றுவிடும். வேலிக்குப் பணம் இல்லையேல் பொய்கையைத் தள்ளிப்போடுங்கள்; வேலியைத் தள்ளிப்போடாதீர்கள். வேலி இருப்பினும் பெரியவர் ஒருவரின் கண் இருந்தே ஆக வேண்டும்.

கொசுவும் மீனும்

அண்டை வீட்டார் முதலில் கேட்டது அழகைப் பற்றியன்று, கொசுவைப் பற்றியே. கேள்வி சரியானதுதான். நம் வெப்பத்தில் முட்டையிலிருந்து கொசு பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் நாடுவது தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், மூடாத தொட்டி போன்ற சிறுகலன்களையே. மீனும் தட்டான் பூச்சியின் இளவுயிரிகளும் உள்ள நீரில் கொசுப்புழு பிழைப்பது அரிது. எனவே, அக்டோபரில் நீர் ஓரடி நின்றவுடனேயே பன்னிரண்டு மீன்களை விட்டேன்.

எந்த மீன் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கொசு ஒழிப்புக்கெனப் பரவலாக விடப்படும் கம்பூசியா அமெரிக்கக் கண்டத்து மீன். கொசுப்புழுவோடு தவளையின் தலைப்பிரட்டையையும் பிற மீன்களின் முட்டையையும் தின்றுவிடும். மழையில் வழிந்து கண்மாய்க்குப் போனால் திருப்பி அழைக்க முடியாது. நம் வாய்க்கால்களிலேயே அப்லோகைலஸ் இனத்து மீன் உண்டு, முண்டக்கண்ணி என்பார்கள். நீர்ப்பரப்பை ஒட்டியே திரிந்து கொசுப்புழுவைப் பொறுக்கும். அதையே பிடித்து வந்தேன். விராலை மட்டும் விடாதீர்கள். மற்ற மீன்களைத் தீர்த்துவிடும்.

மீன்களைக் குறைவாக விட்டதற்குக் காரணம் உண்டு. மீன் வெளிவிடும் அம்மோனியா நஞ்சு. மண்ணிலும் கல்லிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிரிகள் அதை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றும். நைட்ரேட்டைச் செடி உண்ணும். இந்நுண்ணுயிரிகளை 1890 ஆம் ஆண்டளவில் பிரித்தெடுத்துக் காட்டியவர் வினோகிராட்ஸ்கி என்னும் ருஷ்ய அறிஞர். இவை போதிய அளவு பெருகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் மீன்களைக் கொட்டுவதும் தீனி போடுவதும் கேடு.

பத்தாம் நாள் நீர் பட்டாணிச் சாறு போலப் பச்சையாயிற்று. “சாக்கடை ஆயிடுச்சு” என்றனர் சிலர். மருந்து எதுவும் இடவில்லை. மிதக்கும் இலைகள் பரப்பில் பாதிக்கு மேல் நிழல் தந்து, மூழ்கிய செடிகள் உணவைப் பறித்துக்கொண்டபின், ஆறாம் ஏழாம் வாரத்தில் நீர் தெளிந்து அடித்தரை தெரிந்தது. பாசிக்கும் செடிக்கும் நடந்த போட்டியில் செடி வென்றது என்க.

செடிகள்

முதல் தட்டில் வல்லாரை, நீர்ப்பிரமி, வசம்பு. சம்புவை மட்டும் தவிர்த்தேன்; அதன் கூரிய முளைகள் விரிப்பைத் துளைக்கும். மூழ்கியவற்றில் ஹைட்ரில்லாவும் வாலிஸ்னீரியாவும். வாலிஸ்னீரியாவின் மகரந்தச் சேர்க்கையை நூலில் படமாகவே கண்டிருந்தேன். ஆண்பூக்கள் அடியிலிருந்து அறுந்து மேலே மிதந்து வருகின்றன. பெண்பூ நீண்ட காம்பினால் பரப்புக்கு எட்டிக் காத்திருக்கிறது. சேர்க்கை முடிந்ததும் காம்பு சுருளாகச் சுருண்டு பூவை நீருக்குள் இழுத்துக்கொள்கிறது. கரையில் குப்புறப் படுத்து அதை நேரில் கண்ட காலைப்பொழுது, மூன்றாண்டுப் படிப்பில் நான் பெற்ற நல்ல வகுப்புகளுள் ஒன்று.

இரண்டாம் தட்டில் அல்லியும் நீலப்பூ அல்லியும் மண்தொட்டிகளில் உள்ளன. வெள்ளல்லி இரவில் மலர்ந்து முற்பகலில் குவியும். நிம்பேயா நௌச்சாலி என்னும் நீலப்பூவோ பகலில் மலரும். ஆம்பல், குவளை, கழுநீர், நெய்தல் என்னும் பழம்பெயர்களுள் எது எச்செடிக்கு உரியது என்பதைத் தமிழ்த்துறைப் பேராசிரியர்களே தீர்த்துவைக்க வேண்டும். கேட்ட இருவர் இரு விடை கூறினர். ஒரு திணைக்கே தன் பெயரைத் தந்த பூ எது என்று நம் கல்லூரிக்குள்ளேயே ஒருமுறை கூடிப் பேசலாம். பூக்களை நான் கொண்டுவருகிறேன்.

கோடைக்குழியின் ஓரத்தில் தாமரை. விதையின் ஓடு கல்லைப் போன்றது; அப்படியே போட்டால் ஆண்டுக்கணக்கில் முளைக்காது. அரத்தால் ஒரு முனையைத் தேய்த்து உள்வெண்மை தெரிந்ததும் நீரிலிட்டால் சில நாளில் முளை நீட்டும். சீனத்தில் பழைய ஏரிப்படிவு ஒன்றிலிருந்து எடுத்த, ஏறத்தாழ 1,300 ஆண்டு வயதுடைய தாமரை விதையை முளைக்க வைத்ததாக 1995 இல் அறிவியலார் வெளியிட்டனர். தாமரைப் பூ தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கிச் சீராகக் காக்கிறது என்பது 1996 இல் வெளியான மற்றோர் ஆய்வு. குளிர்ந்த விடியலிலும் பூவின் உட்புறம் 30 டிகிரி செல்சியசுக்கு மேல் இருந்ததாம். இலையில் நீர் ஒட்டாமைக்கு நுண்ணிய மெழுகுப் புடைப்புகளே காரணம் என்பதை 1997 இல் பார்த்லாட், நைனூயிஸ் என்னும் ஜெர்மானியர் விளக்கினர். நடும் தொட்டியில் அடியில் மக்கிய எரு, மேலே கண்மாய்க் களி, அதன்மேல் மணல். கண்மாய் மண்ணை அனுமதி பெற்றே எடுக்க வேண்டும். பச்சைச் சாணம் நீரைக் கெடுத்துவிடும்.

வெங்காயத்தாமரைக்கு என் பொய்கையில் இடமில்லை. நீலப்பூவைக் கண்டு மயங்கி ஒன்றைக் கொண்டுவந்தால், ஏற்ற நீரில் இரண்டு வாரத்தில் இரண்டாகும் வேகத்தில் பெருகிவிடும். தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காக வந்த செடிதான் நம் குட்டையை மூடிக்கிடப்பது. இதை ஆகாயத்தாமரை என்றும் சிலர் கூறுவர். ஆனால் சித்த மருத்துவ நூல்கள் அப்பெயரால் குறிப்பது பிஸ்டியா என்னும் வேறு செடியை.

முதற்கோடை

2023 ஜனவரியில் பொய்கை கலிங்கைத் தொட்டு நின்றது. அளவுக்கோலை நட்டு வாரந்தோறும் குறித்து வந்தேன். மே மாதத்தில் வாரத்துக்கு இரண்டங்குலம் இறங்கியது. கணக்கை ஒட்டியே இருந்தது. முதல் தட்டு காய்ந்து, வல்லாரை வாடி, வசம்பின் கிழங்கு மட்டும் மண்ணுக்குள் நின்றது. பின்னர் இரண்டாம் தட்டும் சேறாயிற்று. மீன்கள் யாவும் கோடைக்குழிக்கு இறங்கிவிட்டன. விடியற்காலையில் அவை பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூடுவதைக் கண்டால் உயிர்க்காற்று குறைந்துள்ளது என்று பொருள். இரவில் செடிகளும் அதையே சுவாசிப்பதால் விடியலில்தான் இக்குறை மிகுதி. அழுகிய இலைகளை அகற்றி, ஹைட்ரில்லாவில் பாதியைக் களைந்தபின் சீரடைந்தன. இடையில் பெய்த கோடைமழையின் ஒவ்வோர் அங்குலமும் மாடி நீரோடு சேர்ந்து, சுருங்கிய குழியில் பன்மடங்காக ஏறியது. ஜூன் முதல் வாரத்தில் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமே இறங்கிப் பார்த்தார். நடுக்குழியில் முழங்கால் அளவு நீர் இருந்தது. ஒன்றும் கூறவில்லை, மண்வெட்டியைக் கழுவிக் கொட்டகையில் வைத்துவிட்டார்.

தவளைகள் வந்தன, அவற்றைத் தேடித் தண்ணீர்ப்பாம்பும் வந்தது. அது நஞ்சற்றது, ஆனால் பிடித்தால் கடிக்கும். மீன்கொத்தி வேலிக்கம்பத்தில் நாள்தோறும் வந்து அமர்கிறது. மீன் கணக்கில் அதன் பங்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆண்டுக்கொரு முறை, பொங்கலுக்குப் பின் தாமரைத் தொட்டிகளை மேலே எடுத்துக் கிழங்கைப் பிரித்து நடவேண்டும். இல்லையேல் நெருங்கிப்போய்ப் பூப்பது குறையும். பிரித்ததில் மிஞ்சும் கிழங்குகளும் ஹைட்ரில்லாவும் தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் சிமெண்டுத் தொட்டிக்கு வந்துவிடுகின்றன. வேண்டுவோர் பிப்ரவரி முதல் வாரத்தில் ஆய்வுக்கூட உதவியாளரிடம் சொல்லி வைக்கலாம். கிழங்கின் முனைக்குருத்து ஒடியாமல் எடுத்துப்போக அகன்ற வாளியோ தாம்பாளமோ கொண்டுவருதல் நலம்.